வாடும் குருத்துகள்: கட்டிளம் பிள்ளைகளும் தற்கொலை எண்ணமும்

அனலைதீவுக்குப் போவதானால் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டும். வடக்கே எழுவைதீவு, தெற்கே நயினாதீவு, நடுவில் ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தச் சிறிய தீவு. புகையிலைத் தோட்டங்கள், பனங்கூடல்கள், ஐயனார் கோவில், சதாசிவ மகா வித்தியாலயம், கரையில் இழுத்து விடப்பட்ட வள்ளங்கள் என்பன இதன் அடையாளங்கள். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது மறுநாள் விடியமுன் ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆனால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளையின் மனம் நொந்துகொண்டிருக்கிறது என்பது, பல வேளைகளில், பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் தாய்க்கும் தெரிவதில்லை.

அந்தத் தெரியாமையைப் பற்றியே இங்கு பேசப்போகிறோம். தற்கொலை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். அல்லது இரகசியமாகக் கதைக்கிறோம். இரண்டினாலும் எந்தப் பிள்ளையும் காப்பாற்றப்பட்டதில்லை. ஆகவே வெளிப்படையாகவும் நிதானமாகவும் பேசுவோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிறிய தீவொன்றில் ஒரு பிள்ளையின் வகுப்பைச் சொன்னாலே அது யாரென்று எல்லோருக்கும் விளங்கிவிடும். எனவே இக்கட்டுரையில் எந்தப் பிள்ளையின் கதையும் இல்லை. எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை மட்டுமே உண்டு.

நமது நாட்டின் பாடம்

1950ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஆறு, ஏழு பேர் என்ற அளவிலேயே தற்கொலை மரணங்கள் இருந்தன. 1995இல் அது 47 ஆக உயர்ந்தது. அன்று உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக அது இருந்தது. இறந்தவர்களில் பெருந்தொகையினர் இளையோர், கிராமத்தவர், விவசாயக் குடும்பத்தவர்.

பின்னர் நடந்தது உலகமே வியந்து பார்த்த மாற்றம். 1980களிலும் 1990களிலும், அதன்பின் 2008 முதல் 2011 வரையிலும், மனித உயிருக்கு மிகக் கொடியவையான பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1995இன் தடை இவற்றுள் முக்கியமானது. பத்து ஆண்டுகளுக்குள் தற்கொலை மரணங்கள் பாதியாகக் குறைந்தன. இன்று இலட்சத்துக்கு 15 என்ற அளவில் நிற்கின்றன. 1995க்கும் 2015க்கும் இடையில் இத்தடைகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். பயிர் விளைச்சல் இதனால் வீழ்ந்துவிடவும் இல்லை.

இதில் ஆழமான ஓர் உளவியல் உண்மை மறைந்திருக்கிறது. மக்களின் துன்பம் 1995க்குப் பின் பாதியாகக் குறையவில்லை. தம்மைத்தாமே துன்புறுத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு வருவோர் தொகையும் அப்படிக் குறையவில்லை. குறைந்தது, அவ்வாறு வந்தவர்களில் இறந்தோர் தொகைதான். அப்படியானால், அவர்களில் மிகப் பலர் சாவை ஆற அமர யோசித்து முடிவெடுத்தவர்கள் அல்லர். ஒரு நேரத்தின் வேதனையில் தவறியவர்கள். அந்த நேரம் கடந்ததும் வாழ விரும்பியவர்கள். வட மத்திய மாகாண வைத்தியசாலைகளில் உயிர்தப்பியவர்களைக் கேட்டபோது, அரைவாசிக்கு மேற்பட்டோர் அச்செயலைப் பற்றி அரைமணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை என்பது 2006இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது.

அரைமணி நேரம்! ஒரு பிள்ளையை அந்த அரைமணி நேரம் தாண்டி அழைத்துச் செல்ல யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்ற நிலை எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறது.

ஏன் இந்தப் பருவம்?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து இருபதை எட்டும் வரையான காலத்தைக் கட்டிளமைப் பருவம் என்கிறோம். உடல் ஒரு வேகத்தில் வளர்கிறது. மனம் இன்னொரு வேகத்தில் வளர்கிறது. மூளையும் எல்லாப் பகுதிகளிலும் ஒரே வேளையில் முதிர்வதில்லை. கோபம், பயம், ஆசை, வெட்கம் ஆகிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகள் முந்தி விழிப்படைகின்றன. “பொறு, நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லிக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபது வயது தாண்டிய பின்னரே முழுமையாக முதிர்கிறது. காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. சுக்கான் இன்னும் பூட்டி முடியவில்லை. வள்ளம் ஓட்டும் நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நாற்பது வயதுத் தகப்பனுக்கு ஒரு தோல்வி வந்தால், முன்பு வந்த பத்துத் தோல்விகளும் கடந்துபோனது அவருக்கு நினைவு வரும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த அனுபவம் இல்லை. அதற்கு வருவதுதான் முதல் தோல்வி, முதல் காதல், முதல் அவமானம். முதன்முதலாக வரும் துன்பம் முடிவில்லாதது போலவே தெரியும். “இதெல்லாம் ஒரு பிரச்சினையே?” என்று பெரியவர்கள் சிரிக்கும்போது, தன்னை விளங்கிக்கொள்ள இந்த உலகில் எவருமே இல்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது.

உள்ளே நடப்பது என்ன?

தற்கொலைக்கு ஒரு காரணம் இருப்பதில்லை; பல காரணங்கள் பின்னிப் பிணைந்திருக்கும். “சோதனையில் தவறியபடியால்”, “காதலித்தபடியால்” என்று ஊர் சொல்லும் காரணம் பெரும்பாலும் கடைசித் துளி மாத்திரமே. குடம் முன்பே நிறைந்திருக்கும். அதை நிரப்புபவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, நம்பிக்கையிழப்பு. அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் பல ஆண்டுகள் நோயாளரைத் தொடர்ந்து அவதானித்து முக்கியமான ஒன்றைக் கண்டார். துக்கத்தின் அளவைவிட, “இனி எதுவும் மாறாது” என்ற எண்ணமே தற்கொலை ஆபத்தைக் கூடுதலாகக் காட்டுகிறது. துக்கமுள்ள பிள்ளை அழும். நம்பிக்கையிழந்த பிள்ளை அழுவதையும் நிறுத்திவிடும். நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்டால் அதற்குப் பதில் இராது.

இரண்டாவது, ஒடுங்கிப்போன சிந்தனை. தற்கொலை பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த எட்வின் ஷ்னைட்மன் இதற்குப் பின்னாலுள்ள தாங்கமுடியாத வேதனையை உளவலி என்று அழைத்தார். பல்வலி உச்சத்தில் இருக்கும்போது வேறெதையும் நினைக்க முடியாததுபோல, உள்ளம் வலிக்கும்போது பார்வை குறுகிவிடுகிறது. இருக்கும் பத்து வழிகளில் ஒன்பது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகின்றன. அந்தப் பிள்ளை தேடுவது வலி நிற்பதையே. சாவு அதன் நோக்கமல்ல. இதை நாம் விளங்கிக்கொண்டால் நமது பேச்சும் மாறும்.

மூன்றாவது, “நான் ஒரு சுமை” என்ற எண்ணம். கடன், சீதனம், அண்ணனை வெளிநாடு அனுப்பிய செலவு ஆகியவற்றை வீட்டில் பெரியவர்கள் கதைக்கிறார்கள். மூலையில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கேட்கிறது. தான் இல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒரு பாரம் குறையும் என்று அது கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குப் பிழை என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, ஏனெனில் அது கணக்குப் போடுவதே யாருக்கும் தெரியாது.

நான்காவது, எவரோடும் ஒட்டாத தனிமை. வீடு நிறையச் சனம் இருந்தாலும் தனிமை இருக்கலாம். பாடசாலையில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை, சாதியின் பெயரால் ஒதுக்கப்படும் பிள்ளை, தகாத முறையில் தொடப்பட்டு அதைச் சொல்ல வாயில்லாத பிள்ளை ஆகியோர் கூட்டத்துக்குள்ளேயே தனித்திருக்கிறார்கள். சிறு வயதில் நேர்ந்த பாலியல் துன்புறுத்தலும் வீட்டு வன்முறையும் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்ட உண்மை.

ஐந்தாவது, கோபமும் வெட்கமும். இது நமது நாட்டில் விசேடமாகக் கவனிக்க வேண்டியது. தென்னிலங்கையில், தம்மைத்தாமே துன்புறுத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்த பெண்பிள்ளைகளையும் அவர்களது தாய்மாரையும் பேட்டி கண்டு ஜீன் மரெசெக்கும் சாந்தனி சேனாதீரவும் 2012இல் எழுதினர். அங்கே வெளிப்பட்டது நாட்பட்ட மனநோய் அல்ல. வீட்டுப் பெரியவர் ஒருவருடன் நடந்த சண்டை, ஏச்சு, அவமானம், வாய்விட்டுக் காட்ட முடியாத கோபம். பெரியவர்களை எதிர்த்துக் கதைப்பது பிழை என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, அந்தக் கோபத்தைத் தன்மீதே திருப்பிவிடுகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. “உன்னால எங்களுக்கு மானக்கேடு”, “பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்”, “நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்” என்பவை நாம் கோபத்தில் சொல்லி அடுத்த நாளே மறந்துவிடும் வார்த்தைகள். கேட்ட பிள்ளை மறப்பதில்லை.

ஆறாவது, மனச்சோர்வு என்ற நோய். கட்டிளம் பிள்ளையிடம் இது எப்போதும் சோகமாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், சண்டை, படிப்பில் திடீர் வீழ்ச்சி, நித்திரைக் குழப்பம், காரணமில்லாத தலையிடி, வயிற்றுவலி என்ற உருவங்களில் வரும். நாம் அதைத் “திமிர்” என்றும் “பஞ்சி” என்றும் பெயரிடுகிறோம். இது குணப்படுத்தக்கூடிய நோய். மருந்தும் உளவளத்துணையும் உண்டு.

தீவும் பிள்ளையும்

இவை எங்கும் உள்ளவை. தீவிலே இவற்றோடு சில சேர்கின்றன.

போர்க்காலத்தில் 1990 ஓகஸ்ட் இராணுவ நடவடிக்கையோடு தீவுப்பகுதியின் வாழ்க்கை சிதறியது. பெருந்தொகையானோர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கடல்கடந்தும் போனார்கள். அனலைதீவார் பலர் இன்று கனடாவில் வாழ்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தால் வீடுகளும் கோவில்களும் எழுந்தன. ஆனால் பணம் வரும் வீட்டில் மனிதர் இல்லை. தாத்தா பாட்டியுடன் வளரும் பிள்ளை, கைத்தொலைபேசியில் மட்டும் அப்பாவைக் காணும் பிள்ளை, “எப்ப எங்களைக் கூப்பிடுவினம்” என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் பிள்ளை என்று இவர்களுக்குப் புறம்பான ஒரு துயரம் இருக்கிறது. தான் வாழும் இடமே தற்காலிகமானது, வாழ்க்கை வேறெங்கோ நடக்கிறது என்ற எண்ணம் வேரைத் தளர்த்திவிடும்.

பேராசிரியர் தயா சோமசுந்தரமும் ராஜதுரையும் 1995இல் வெளியிட்ட ஆய்வொன்று, வடபகுதியில் போர் தீவிரமாக நடந்த காலத்தில் தற்கொலைகள் குறைந்திருந்தன என்று காட்டியது. இது முரணாகத் தெரியலாம். 1897இலேயே பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்ஹெய்ம் இதுபோன்றதைக் கவனித்திருந்தார்: பொதுவான ஆபத்து வரும்போது மக்கள் ஒன்றாக நெருங்குகிறார்கள், ஒவ்வொருவருக்கும் மற்றவர் தேவைப்படுகிறார். ஆபத்து நீங்கியதும் அவரவர் தத்தம் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். அடக்கிவைத்த துயரங்கள் அப்போதுதான் மேலெழுகின்றன. போரைக் கண்ட பெற்றோரின் ஆறாத மனக்காயம், குடிப்பழக்கமாகவும் அடியாகவும், போரைக் காணாத பிள்ளைமீது விழுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று கடல். பெரிய வைத்தியசாலைக்கும் உளமருத்துவரிடமும் போக வள்ளம் ஏறவேண்டும். வள்ளம் ஏறினால் இறங்குதுறையில் நிற்கும் அனைவருக்கும் “எங்கை போறியள்?” என்பதற்குப் பதில் சொல்லவேண்டும். காய்ச்சலுக்குப் போவதாகச் சொல்லலாம். மனநோவுக்குப் போவதாக எப்படிச் சொல்வது? இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பல பிள்ளைகள் சிகிச்சையின்றி இருக்கிறார்கள். இரவில், கடைசி வள்ளம் போனபின், ஆபத்து நேர்ந்தால் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. ஆகவே தீவிலே வருமுன் காப்பது மற்ற இடங்களைவிட அவசியமானது.

தொற்றும் செய்தி

இளையோரிடையே தற்கொலை தொற்றக்கூடியது. இதற்கு யாழ்ப்பாணமே கசப்பான உதாரணம். 1980களின் தொடக்கத்தில் மாணவிகள் இருவரின் மரணமும் அவர்கள் கையாண்ட முறையும் பத்திரிகைகளில் பெரிதாக வெளிவந்தன. அதற்குமுன் அபூர்வமாக இருந்த அம்முறை அதன்பின் வடக்கில் பரவி, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தது. பின்னர் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. செய்தியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் முறையை விபரித்து, மரணத்தை வீரமாகவோ காவியமாகவோ காட்டும் எழுத்து, தள்ளாடி நிற்கும் இன்னொரு பிள்ளைக்கு வழிகாட்டிவிடுகிறது.

இன்று பத்திரிகையைவிட வேகமாகக் கைத்தொலைபேசி செய்தி காவுகிறது. ஊரில் ஒரு துயரம் நடந்தால் படத்தையும் கடிதத்தையும் பகிராதீர்கள். எப்படி நடந்தது என்று கூடியிருந்து விபரிக்காதீர்கள். செத்தவீட்டில் துயரத்தைக் கொண்டாட்டமாக்காமல், அதே வயதுப் பிள்ளைகளைத் தனியே அழைத்து அமைதியாகப் பேசுங்கள்.

நாம் நம்பும் பிழைகள்

“சாகப்போறன் எண்டு சொல்லுறவை சாகமாட்டினம். சும்மா வெருட்டுகினம்.” இது மிகப் பெரிய பிழை. இறந்தவர்களில் பலர் முன்பே எவருக்கோ குறிப்பாகவேனும் சொல்லியிருக்கிறார்கள். வெருட்டல் என்று தோன்றினாலும் அது உதவிக்கான கூப்பாடே.

“அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே ஊட்டினது மாதிரி ஆகிவிடும்.” இதுவும் பிழை. அன்போடு நேராகக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பல பிள்ளைகளுக்கு அக்கேள்வியே முதல் ஆறுதல்.

“ஒருக்காத் தப்பினவை இனிச் செய்யமாட்டினம்.” உண்மை இதற்கு எதிர்மாறு. முன்பு ஒரு முறை முயன்றிருப்பதே மிகப் பெரிய ஆபத்து அடையாளம்.

“பொலிசுக்குப் போகவேண்டி வரும்.” தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவு 1998ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. அது இன்று குற்றமல்ல. சட்டத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தாமதப்படுத்தத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

வீட்டில்: மாற்றத்தைக் கவனியுங்கள். விளையாடப் போகாமை, சாப்பாட்டில் விருப்பமின்மை, தனக்குப் பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடல், விடைபெறுவதுபோன்ற பேச்சு, நாட்கணக்கான கலக்கத்தின்பின் திடீரென வரும் விசித்திரமான அமைதி ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். கண்டால், ஏசாமல், மற்றவர் முன்னிலையில் அல்லாமல், பக்கத்தில் இருந்து கேளுங்கள்: “பிள்ளை, கொஞ்ச நாளா உன்ரை முகம் வாடிக்கிடக்கு. சாகலாம் எண்டு கூட யோசிக்கிறியோ?” ஓம் என்று பதில் வந்தால் பதறவேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருங்கள். “நீ சொன்னது நல்லது. இனி நீ தனிய இல்லை” என்று மட்டும் சொல்லுங்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். மறுநாளே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

தோட்டத்தில்: நமது தோட்டக்காரர் பீடைகொல்லியை வீட்டுத் தாழ்வாரத்திலோ அடுப்படி மூலையிலோ வைப்பது வழக்கம். வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதுமா? அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் இது பரீட்சிக்கப்பட்டது. 2017இல் வெளியான முடிவு, பெட்டியால் பயன் கிடைக்கவில்லை என்பதே. பெட்டியும் வீட்டில், திறப்பும் வீட்டில் என்றால் என்ன தடை இருக்கிறது? இதற்கு மாறாக, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், மருந்துகள் அனைத்தையும் ஊருக்குப் பொதுவான ஒரு களஞ்சியத்தில், பொறுப்பாளர் ஒருவரின் கண்காணிப்பில் வைத்துப் பார்த்தனர். அது சிறிய முயற்சிதான்; ஆனாலும் நம்பிக்கை தரும் பலன் கிடைத்ததாக 2013இல் எழுதப்பட்டது. அனலைதீவு போன்ற சிறிய இடத்தில் கமக்காரர் அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தால் இதைச் செய்வது கடினமல்ல. வீட்டில் மருந்து வைக்காதிருப்பதே முதல் வேலி.

பாடசாலையில்: க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் வாரம் ஆபத்தான வாரம். பெறுபேறு வருமுன்னரே, தவறினால் என்னென்ன வழிகள் உண்டு என்று ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லட்டும். மீண்டும் எழுதலாம், தொழிற்பயிற்சி உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதும் ஏற்பாடு உண்டு. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைப்பது உயிரைக் காக்கும். குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே ஓர் ஆசிரியர் போய்வரட்டும். அது ஒரு மணி நேர வேலை.

வைத்தியசாலையிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு: இதுவே நாம் மிகவும் தவறவிடும் இடம். பிள்ளை வீடு திரும்பியதும் எல்லோரும் ஒன்றும் நடவாததுபோல் நடிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் ஒரு முறையைப் பரீட்சித்தது. வைத்தியசாலையில் ஒரு மணி நேர ஆலோசனை; அதன்பின் 18 மாதங்களில் ஒன்பது தடவைகள் தொலைபேசியிலோ நேரிலோ சுகம் விசாரிப்பு. மருந்து எதுவும் புதிதாக இல்லை. 2008இல் வெளியான முடிவில், வழமையான கவனிப்புப் பெற்றோரில் 2.2 வீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தனர். சுகம் விசாரிக்கப்பட்டோரில் 0.2 வீதத்தினரே. ஒன்பது தடவைகள் “எப்பிடி இருக்கிறாய், சாப்பிட்டனியே?” என்று கேட்க நமது ஊரில் ஆளில்லையா? குடும்பநல உத்தியோகத்தர், பங்கின் அருட்சகோதரி, மறையாசிரியர், மாதர் சங்கத்து அக்கா என்று எவரும் இதைச் செய்யலாம்.

எமது பகுதியில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. போர் நடுவே 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட சாந்திகம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தது. கொழும்பில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோ, மனம் நொந்தோருக்குச் செவிகொடுப்பதையே பணியாகக் கொண்டது. சென்னையில் 1986இல் வைத்தியர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகாவும் அதே வழியில் வந்தது. இவற்றில் பணிபுரிவோர் பலர் நம்மைப்போன்ற சாதாரண மனிதர். பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

சூரைச்செடியின் கீழ்

திருச்சபை தற்கொலையை ஒருபோதும் ஏற்றதில்லை. உயிர் இறைவனின் கொடை. ஆனால் மாண்டவரை நடத்தும் முறையில் திருச்சபை காலப்போக்கில் ஆழமான இரக்கத்தைக் கற்றுக்கொண்டது. 1917இன் திருச்சபைச் சட்டம், அறிந்து வேண்டுமென்றே தற்கொலை செய்தோருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. 1983இன் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. 1992இன் கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான உளக்குழப்பமும் வேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்று கூறி, இறந்தோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கையிழக்கக் கூடாது என்றும் போதிக்கிறது. பிள்ளையை இழந்த தாயின் வாசலில் நின்று “நரகம்” என்று சொல்ல நம்மில் எவருக்கும் உரிமையில்லை.

விவிலியத்திலே இறைவாக்கினர் எலியாவின் வரலாறு உண்டு. கர்மேல் மலையில் வெற்றிபெற்ற அதே மனிதர், ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி இறைவனிடம் கேட்கிறார். இறைவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, கண்டிக்கவும் இல்லை. தூதர் வந்து தட்டியெழுப்புகிறார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கின்றன. அவர் உண்டு மீண்டும் உறங்குகிறார். தூதர் இரண்டாவது தடவையும் வருகிறார். பயணம் நீண்டது, சாப்பிடு என்கிறார். பின்னர்தான் மலையடிவாரத்துக் குகையில் கேள்வி வருகிறது: இங்கே என்ன செய்கிறாய்? எலியா தன் மனப்பாரத்தைக் கொட்டுகிறார். தான் ஒருவனே எஞ்சியிருப்பதாகச் சொல்கிறார். அவரைப்போல் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் கிடைக்கிறது. உடன் நடக்க எலிசா என்ற துணையும் கிடைக்கிறது.

சாப்பாடு, நித்திரை, தொடுகை, கேள்வி, செவிகொடுத்தல், துணை. உளவளத்துணையின் ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு அதிகாரத்தில் இருக்கிறது. தூதர் இரண்டாவது தடவையும் வந்தார் என்பதை விசேடமாகக் கவனியுங்கள். ஒரு தடவை கேட்டால் போதாது.

தீவிலே பனைக்குருத்து வாடினால் கமக்காரன் மரத்தை ஏசுவதில்லை. வேரைப் பார்க்கிறான், வண்டைத் தேடுகிறான். நமது பிள்ளைகள் விடயத்திலும் அவ்வளவு பொறுமை நமக்கு வேண்டும்.

கிராமக் குழுக்கள் கலந்துரையாட

1. கடந்த ஒரு மாதத்தில் நமது வீட்டுக் கட்டிளம் பிள்ளையுடன், படிப்பைத் தவிர வேறெதைப் பற்றிக் கதைத்தோம்?

2. நமது ஊரில் மனம் நொந்த பிள்ளையொன்று நம்பிக் கதைக்கக்கூடிய பெரியவர் மூவரின் பெயரைச் சொல்ல முடியுமா?

3. பீடைகொல்லிகளை வீட்டுக்கு வெளியே பொதுவான ஓரிடத்தில் வைக்க யார் முன்வருவார்கள்? திறப்பு யாரிடம் இருக்கவேண்டும்?

4. இரவில் ஆபத்து நேர்ந்தால் யாரின் வள்ளம், யார் ஓட்டி, யாருக்கு அறிவிப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறோமா?

உதவிக்கு

தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை 1926. இலவச ஆலோசனைச் சேவை 1333. சிறுவருக்கு ஏதேனும் துன்புறுத்தல் நேர்ந்தால் 1929. உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் காத்திராமல் அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இதை வாசிக்கும் நீங்களே அந்த வேதனையில் இருந்தால், இத்தாளை மடித்து வைத்துவிட்டு, இப்போதே ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள்: “எனக்கு மனம் சரியில்லை, கொஞ்ச நேரம் பக்கத்தில இருங்கோ.” அவ்வளவு போதும். மற்றதைச் சேர்ந்து பார்க்கலாம்.